மரபணுவின் ஆக்ஸிலரேட்டர்: ஓசூர் ரோட்டில் ஒரு வரலாறு

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது, "ஓசூர் தொழிற்பேட்டையைப் பத்தி நாலு பக்கம் எழுதிக் கொடுப்பா" என்றுதான் கேட்டார்கள். சிப்காட் வந்த கதையையும், பஸ்ஸும் லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் இந்த மண்ணில் தயாராகத் தொடங்கிய கதையையும் நம் சீனியர்கள் ஏற்கெனவே நன்றாகவே எழுதிவிட்டார்கள். எனவே நான் சொல்ல வந்தது வேறு கதை. மெக்கானிக்கல்காரனுக்கு ஜீனைப் பத்தி என்ன தெரியும் என்று பயோடெக் பிரிவு நண்பர்கள் சிரிக்க வேண்டாம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

சில வருடங்களுக்கு முன் என் அப்பாவுக்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டிய நிலை வந்தது. முதல் நாள் பெட்டியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "இது எங்கடா செய்றாங்க?" என்று கேட்டார். கம்பெனி முகவரியில் 'ஓசூர் ரோடு, பெங்களூரு' என்று இருந்தது. ஜூஜூவாடி எல்லையைத் தாண்டி, அத்திப்பள்ளி டோல்கேட்டில் நின்று, நான் எத்தனையோ முறை போன சாலை! "எப்படிச் செய்றாங்க?" என்பது அடுத்த கேள்வி. "ஈஸ்ட்ல செய்றாங்கப்பா" என்றேன். "இட்லி மாவு மாதிரியா?" என்றார். அதற்கு மேல் எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்துகொள்ளப் புறப்பட்டதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

எந்த வேகம்?

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் ஏறக்குறைய ஒரே டி.என்.ஏ. தான் இருக்கிறது. அதில் புரதம் செய்யும் ஜீன்கள் சுமார் 20,000. கல்லீரல் செல்லிலும் இன்சுலின் ஜீன் உண்டு, கண் செல்லிலும் உண்டு. ஆனால் இன்சுலினைச் செய்வது கணையத்தின் பீட்டா செல் மட்டுமே. டிராயிங் எல்லா ஷாப்பிலும் இருக்கிறது, ஜாப் ஓடுவது மட்டும் ஒரே ஒரு ஷாப்பில்! அப்படியானால் எந்த டிராயிங்கை எங்கே, எவ்வளவு வேகத்தில் எடுத்து ஓட்டுவது என்று தீர்மானிப்பது யார்?

டி.என்.ஏ.வில் உள்ள ஜீனை ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்ற புரத இயந்திரம் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கிறது. அந்தப் படியை வைத்துத்தான் புரதம் தயாராகிறது. ஈ.கோலை பாக்டீரியாவில் இந்த இயந்திரம் ஒரு நொடிக்குச் சுமார் 40, 50 எழுத்துகள் ஓடும். ஆனால் ஒரு ஜீனின் 'வேகம்' என்பது பெரும்பாலும் இந்த ஓட்ட வேகத்தைக் குறிப்பதல்ல. நம் அசெம்பிளி லைனை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வண்டி லைனின் தலையிலிருந்து கடைசிவரை போக ஆகும் நேரம் ஏறக்குறைய மாறாதது. உற்பத்தியைத் தீர்மானிப்பது, மணிக்கு எத்தனை சேஸிஸை லைனில் ஏற்றுகிறோம் என்பதே. ஜீனிலும் அப்படித்தான். பாலிமரேஸ் எத்தனை முறை ஏறித் தொடங்குகிறது என்பதே முக்கியம். அந்த ஏற்றத்தைக் கூட்டவும் குறைக்கவும் தனிப் புரதங்கள் இருக்கின்றன. ஜீனுக்கு முன்னால் உள்ள 'புரொமோட்டர்' பகுதியில் அவை உட்கார்ந்து வேலை செய்கின்றன. படியெடுப்புக் காரணிகள் என்று அவற்றைச் சொல்லலாம்.

ஏறிய பிறகும் ஒரு தடங்கல் உண்டு. விலங்கு செல்களில் பல ஜீன்களில் பாலிமரேஸ் தொடங்கி, 20 முதல் 60 எழுத்துகள் போனதும் நின்றுவிடுகிறது. அமெரிக்காவில் ஜான் லிஸ் குழுவினர் 1980களில் பழ ஈயின் வெப்ப அதிர்ச்சி ஜீனில் இதைக் கண்டார்கள். பிடித்து நிறுத்தும் புரதங்கள் வேறு, விடுவிக்கும் புரதம் வேறு. அத்திப்பள்ளியில் வண்டிகள் என்ஜினை ஓடவிட்டபடி நிற்பதும், கேட் தூக்கியதும் சீறிப் போவதும் நமக்குத் தெரியாததா?

பாரிஸில் தொடங்கியது

இந்தக் கதையின் முதல் அத்தியாயம் பாரிஸில். ழாக் மோனோ என்ற இளைஞர் ஈ.கோலைக்குக் குளுக்கோஸையும் லாக்டோஸையும் சேர்த்துக் கொடுத்தார். அது முதலில் குளுக்கோஸை மட்டும் தின்று வளர்ந்தது. குளுக்கோஸ் தீர்ந்ததும் சிறிது நேரம் வளர்ச்சி நின்றது. பிறகு லாக்டோஸைத் தின்று மீண்டும் வளர்ந்தது. 1941இல் அவர் டாக்டர் பட்ட ஆய்வேடு இதைப் பற்றித்தான். நடுவில் வந்த அந்த இடைவெளி எதற்காக? இந்தக் கேள்விக்குப் பதில் வர 20 வருடம் ஆயிற்று. 1961இல் பிரான்சுவா ஜாகோபும் மோனோவும் சேர்ந்து சொன்ன பதில் இது: லாக்டோஸ் ஜீன்களின் வாசலில் ஒரு 'தடுப்பான்' உட்கார்ந்திருக்கிறது. லாக்டோஸ் வந்தால் அது விலகுகிறது. 1965இல் ஆந்த்ரே ல்வோஃபுடன் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பரிசு கிடைத்தபோது அந்தத் தடுப்பானை யாரும் கண்ணால் கூடப் பார்த்ததில்லை! 1966இல்தான் வால்ட்டர் கில்பர்ட்டும் பென்னோ மியூலர்-ஹில்லும் அதைப் பிரித்தெடுத்து, அது ஒரு புரதம் என்று காட்டினார்கள். ஒரு செல்லுக்கு ஏறக்குறைய பத்தே மூலக்கூறுகள். அவ்வளவு குறைவாக இருந்ததால்தான் அத்தனை நாள் கையில் சிக்கவில்லை.

தடுப்பான் என்பது பிரேக். ஆக்ஸிலரேட்டர் உண்டா? உண்டு என்று எல்லிஸ் எங்கிள்ஸ்பெர்க் 1965இல் அரபினோஸ் சர்க்கரையின் ஜீன்களை வைத்துச் சொன்னார். எல்லாரும் பிரேக்கை மட்டுமே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அவர் சொன்னதை ஏற்கச் சில வருடங்கள் பிடித்தன. 1969இல் இரண்டு கண்டுபிடிப்புகள் வந்தன. பாலிமரேஸை எங்கே தொடங்குவது என்று காட்டும் 'சிக்மா' காரணி ஒன்று, எங்கே முடிப்பது என்று காட்டும் 'ரோ' காரணி மற்றொன்று. இயந்திரம் ஒன்று, அதை இயக்கும் கைகள் பல என்பது அப்போது தெளிவாயிற்று.

மதுரையில் ஒரு தேடல்

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை, நம்மூரில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

மதுரைப் பல்கலைக்கழகத்தில் (காமராசர் பெயர் சேர்ந்தது 1978இல்) ஆர். ஜெயராமன் அவர்களின் குழு 1976இல் ஒரு விசித்திரமான ஈ.கோலையைப் பிடித்தது. சாதாரண வெப்பத்தில் நன்றாக வளரும். சூட்டை ஏற்றினால் ஆர்.என்.ஏ. தயாரிப்பு படுத்துவிடும். ஆனால் பாலிமரேஸைச் சோதித்தால் அதில் கோளாறு இல்லை! என்ஜின் நன்றாயிருக்கிறது, வண்டி மட்டும் ஓடவில்லை. அப்படியானால் வேறு ஏதோ ஒரு காரணி கெட்டுப்போயிருக்க வேண்டும். அந்த ஜீனுக்கு 'ஃபிட்' என்ற பெயரைச் சூட்டித் தேடினார்கள். அவரிடம் பயின்ற எம். ஹுசைன் முனவர் அவர்களும் மாணவர்களும் தொடர்ந்து தேடினார்கள். 1999இல் பதில் வந்தது. கோளாறு இருந்தது, ஃபினைல்அலனைன் என்ற அமினோ அமிலத்தை டி.ஆர்.என்.ஏ.வில் ஏற்றும் ஒரு நொதியில். அது புரதம் தயாரிக்கும் பிரிவைச் சேர்ந்தது, படியெடுக்கும் பிரிவைச் சேர்ந்ததே அல்ல. இந்த நொதிக்குப் படியெடுப்பிலும் பங்கு இருக்கலாம் என்று அவர்கள் எழுதினார்கள்.

இதற்கு வேறு விளக்கம் சொல்லவும் இடமுண்டு. அமினோ அமிலம் ஏறாத டி.ஆர்.என்.ஏ. குவிந்தால் பாக்டீரியா தானாகவே ஆர்.என்.ஏ. தயாரிப்பைக் குறைத்துக்கொள்ளும் என்பது 1960களிலிருந்தே தெரிந்த விஷயம். டெஸ்பாட்ச்சில் சரக்கு தேங்கினால் மெஷின் ஷாப்பை மெதுவாக்குவதைப் போல. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? எனக்கு ஆச்சரியம் வேறு. சூட்டில் படுத்துவிடும் ஒரே ஒரு பாக்டீரியாவைப் பிடித்துக்கொண்டு, 23 வருடம், இரண்டு தலைமுறை மாணவர்கள், 'ஏன்?' என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நம் கம்பெனிகளில் ஒரு ரிஜெக்‌ஷனுக்குக் காரணம் தேட 23 நாள் கொடுப்பார்களா?

பெங்களூருவின் எலிகள்

அடுத்த ஊர் பெங்களூரு. இந்திய அறிவியல் கழகத்தின் கோ. பத்மநாபன் அவர்கள் சென்னையில் 1938இல் பிறந்தவர், மாநிலக் கல்லூரியில் வேதியியல் படித்தவர். 1994 முதல் 1998 வரை அந்தக் கழகத்தின் இயக்குநர். 2024இல் மத்திய அரசு முதன்முதலாக வழங்கிய விஞ்ஞான் ரத்னா விருது அவருக்குத்தான் கிடைத்தது.

அவர் குழு எடுத்துக்கொண்ட கேள்வி கல்லீரலைப் பற்றியது. ஃபினோபார்பிட்டோன் என்ற வலிப்பு மருந்தை எலிக்குக் கொடுத்தால், மருந்தைச் சிதைக்கும் சைட்டோகுரோம் பி-450 என்ற புரதத்தின் ஜீன் பல மடங்கு வேகமாகப் படியெடுக்கப்படுகிறது. (ஒரு மருந்து சாப்பிடும்போது இன்னொரு மருந்து வேலை செய்யாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.) இந்தப் புரதம் வேலை செய்ய 'ஹீம்' என்ற இரும்புக் கூறு தேவை. ஹீம் தயாராவதைத் தடுத்துப் பார்த்தார்கள். ஜீனின் வேகம் விழுந்தது. ஹீமைத் திரும்பக் கொடுத்தார்கள். வேகம் ஏறியது. மருந்தும் ஹீமும் சேர்ந்து ஒரு படியெடுப்புக் காரணியை இயக்குகின்றன என்று 1989இல் பி.என். ரங்கராஜனும் பத்மநாபனும் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் எழுதினார்கள். ஸ்டாக்கைப் பார்த்துத்தான் ஆர்டர் போடுகிறது கல்லீரல்!

வரலாறு எழுதும்போது முழுதும் எழுத வேண்டும். ஹீம் தேவையென்ற முடிவை வேறு சில ஆய்வகங்கள் ஏற்கவில்லை. 1998இல் அமெரிக்காவில் மசாஹிகோ நெகிஷி குழு 'கார்' என்ற ஏற்பிப் புரதம்தான் இந்த ஜீனை முடுக்குகிறது என்று காட்டியது. இன்று பாடநூல்களில் இருப்பது அதுதான். ஆனாலும் பெங்களூருவில் அந்தக் கேள்வியோடு வளர்ந்த கைகள் வீணாகவில்லை. அந்தக் கைகள் அடுத்துத் தொட்டது, என் அப்பாவின் ஊசியோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

மெத்தனால் தின்னும் ஈஸ்ட்

மெத்தனால் நமக்கு விஷம். ஆனால் அதைத் தின்று வளரும் ஈஸ்டுகள் உண்டு என்று 1969இல் ஜப்பானில் கோயிச்சி ஒகாட்டா கண்டுபிடித்தார். பெட்ரோலியக் கம்பெனிகளுக்கு உற்சாகம் வந்தது. அமெரிக்காவின் ஃபிலிப்ஸ் பெட்ரோலியம், பிக்கியா பாஸ்டோரிஸ் என்ற ஈஸ்டை மலிவான மெத்தனாலில் வளர்த்து மாட்டுத் தீவனம் ஆக்கப் பார்த்தது. ஒரு லிட்டருக்கு 130 கிராம் உலர் எடைக்கு மேல் செல் வளர்க்கும் அளவுக்குக் கற்றுக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து 1973இன் எண்ணெய் நெருக்கடி! மெத்தனால் விலை ஏறியது, தீவனத் திட்டம் படுத்தது.

கையில் இருந்த ஈஸ்டை என்ன செய்வது? 1980களில் கலிபோர்னியாவில் ஜேம்ஸ் கிரெக் முதலியோர் அதில் ஒரு புதையலைக் கண்டார்கள். மெத்தனாலைச் செரிக்க இந்த ஈஸ்ட் ஆல்கஹால் ஆக்ஸிடேஸ் என்ற நொதியைச் செய்கிறது. குளுக்கோஸில் வளரும்போது அந்த நொதி துளிகூடக் கிடையாது. மெத்தனால் கொடுத்தால் செல்லின் கரையும் புரதத்தில் 30 சதவீதம் வரை அதுவே! இதைவிட நல்ல ஸ்விட்ச் வேறென்ன வேண்டும்? அந்த நொதியின் ஜீனைக் கழற்றிவிட்டு, அதன் புரொமோட்டருக்குப் பின்னால் நமக்கு வேண்டிய ஜீனை மாட்டினால் போதும். முதலில் ஈஸ்டை நிறைய வளர்த்துக்கொள்வது, பிறகு மெத்தனால் வால்வைத் திறப்பது. நம்மைப் போன்றவர்களுக்கும் அதில் வேலை உண்டு. மெத்தனால் எரியக்கூடியது. அதைத் தின்னும் செல்கள் ஏராளமாக ஆக்ஸிஜன் கேட்கும், சூட்டையும் கக்கும். கலக்கி, காற்று, குளிர்விப்பு எல்லாம் இன்ஜினியர் கணக்குதான்.

இந்த ஈஸ்டைக் கொண்டு ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997இல் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியைக் கொண்டுவந்தது. 1978இல் பப்பாளிப் பாலிலிருந்து நொதி எடுத்துத் தொழில் தொடங்கிய பெங்களூருவின் பயோகான், 2004இல் இதே ஈஸ்டில் செய்த மனித இன்சுலினை இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மாட்டுக் கணையத்திலிருந்தும் பன்றிக் கணையத்திலிருந்தும் இன்சுலின் எடுத்த காலம் போய், 1982இல் அமெரிக்காவில் பாக்டீரியாவில் செய்த இன்சுலின் வந்து, கடைசியில் நம்ம ஓசூர் ரோட்டுக்கே வந்து சேர்ந்த கதை இதுதான்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? 2004இல் ஸ்விட்சைப் போடத் தெரியும், அதன் விரல் எது என்று உலகில் யாருக்கும் தெரியாது! மெத்தனால் வந்ததும் அந்த ஜீனை முடுக்கும் முதன்மைப் புரதம் எது என்பது 2006இல்தான் கலிபோர்னியாவில் தெரியவந்தது. அதன் பெயர் எம்.எக்ஸ்.ஆர்.1. குளுக்கோஸ் இருக்கும்போது அது செல்லின் உட்கருவுக்கு வெளியே சும்மா கிடக்கும். மெத்தனால் வந்தால் உள்ளே போய் டி.என்.ஏ.வைப் பிடிக்கும்.

எங்கே பிடிக்கிறது, எந்த எழுத்துகளைப் பார்த்துப் பிடிக்கிறது? இந்தக் கேள்விக்கான பதில் 2009இல் பெங்களூருவிலிருந்து வந்தது. அதே ரங்கராஜன் அவர்களின் ஆய்வகம், அதே இந்திய அறிவியல் கழகம். 2012இல் அவர்கள் இன்னொன்றையும் காட்டினார்கள். 'ராப்' என்ற இரண்டாவது புரதமும் அதே டி.என்.ஏ. எழுத்துகளைத்தான் பிடிக்கிறது. ஆனால் செய்வது எதிர் வேலை. சத்து மிகுந்த ஊடகத்தில் ஈஸ்ட் வளரும்போது ராப் அந்த ஜீனை அடக்குகிறது. ராப் இல்லாத ஈஸ்டில் நொதி கூடுகிறது, மெத்தனாலில் வளர்ச்சியும் வேகமாகிறது. ஒரே பெடல், இரண்டு கால்கள். ஒரு கால் முடுக்குகிறது, மற்றது அடக்குகிறது. இன்சுலினோ தடுப்பூசியோ செய்பவருக்கு இந்த விவரம் எவ்வளவு பெரிது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஏன்னு தெரியாம திருகாதே

நான் டிரெய்னியாகச் சேர்ந்த புதிதில் ஒரு என்ஜின் டெஸ்ட் பெட்டில் நின்றேன். என்ஜின் 'ஹன்ட்' ஆனது. வேகம் ஏறுவதும் இறங்குவதுமாக ஆட்டம். கவர்னர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படித் திருகி ஒருவழியாக நிறுத்திவிட்டேன். பெருமையாகத் திரும்பினால் ஃபோர்மேன் நின்றிருந்தார். "ஏன் ஆடிச்சு?" என்றார். தெரியவில்லை. "ஏன் நின்னுச்சு?" அதுவும் தெரியவில்லை. "ஏன்னு தெரியாம திருகாதே தம்பி. நாளைக்கு மறுபடி ஆடும்." மறுநாள் ஆடியது.

இந்த எல்லைப் பகுதியில் நாம் பலவற்றை மிக நன்றாகச் செய்கிறோம். ஆனால் நம்மில் பலர் எங்கேயோ வரைந்த டிராயிங்குக்குத்தான் செய்கிறோம். அந்த டாலரன்ஸ் ஏன் அந்த எண் என்று கேட்டால் பதில் வேறு ஊரில் இருக்கும். அதனால்தான் மதுரையும் பெங்களூருவும் எனக்குப் பெரிதாகப் படுகின்றன. மதுரையில் தேடியவர்களுக்கு எதிர்பார்த்த பதில் கிடைக்கவில்லை. பெங்களூருவின் எலிக் கதையில் கடைசி வரியை வேறொருவர் எழுதினார். ஆனால் 'ஏன்' என்று கேட்கப் பழகிய இடத்தில்தான், பக்கத்துத் தொழிற்சாலை ஓட்டும் ஸ்விட்சின் விரலை அடையாளம் காட்டும் ஆட்களும் இருந்தார்கள்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வருடா வருடம் கல்வி உதவி நிதி கொடுக்கிறோம், நல்லது. அதோடு ஒரே ஒரு மாணவனையோ மாணவியையோ, கோடை விடுமுறை இரண்டு மாதம் ஒரு ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்பி, தங்கும் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் நாம் ஏற்றுக்கொள்ளலாம். ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். முதல் வருடச் செலவில் என் பங்கை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். செயற்குழு பரிசீலிக்கட்டும்.

அப்பாவுக்கு இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். முழுதும் கேட்டார். "அப்போ இட்லி மாவு இல்ல" என்றார். பிறகு, "அந்த ரெண்டாவது புரதம், அடக்குதே, அது எதுக்கு அடக்குது?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடப் போகிறவர் நம் கல்லூரியிலிருந்து போகட்டும்.